வானிலிருந்து எண்ணப்படும் காடு



நாட்டின் காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நிலப்பரப்பில் 21.76 சதவீதம் என்கிறது 2023ஆம் ஆண்டின் இந்திய வனநிலை அறிக்கை. இது செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்த கணக்கு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. அந்த வேறுபாட்டைக் கருவி பதிவு செய்கிறது. கருவி பொய் சொல்வதில்லை. வரையறையில்தான் சூது இருக்கிறது.

ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தாலே அது காடு. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வியே இல்லை. ஆகவே தைலமரத் தோட்டமும் தென்னந்தோப்பும் சால் மரக் காட்டோடு ஒரே பட்டியலில் சேர்கின்றன. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில் நிலக்கரிக்காக மரங்கள் வீழ்த்தப்பட்டாலும், வேறெங்கோ தோட்டம் வளர்ந்தால் கூட்டுத்தொகை குறைவதில்லை!

இதே படம் பழங்குடி மக்களுக்கு எதிராகவும் நீட்டப்படுகிறது. 2005 டிசம்பர் 13க்கு முன் சாகுபடி தெரியவில்லை என்று உரிமை மனுக்கள் தள்ளப்படுகின்றன. ஒரு புள்ளியே 23.5 மீட்டர் சதுரமாக உள்ள படத்தில், மரங்களுக்கிடையே விதைத்த சிறு நிலம் எப்படித் தெரியும்? வன உரிமை விதிகளில் 2012இல் சேர்க்கப்பட்ட 12ஏ, படம் துணைச் சான்றாகலாம், பிற சான்றுகளுக்கு மாற்றாகாது என்கிறது. கிராம சபைக்குச் செல்லும் தோழர்கள் அவ்விதியின் நகலை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும்.