கூடத்துச் சுவருக்கு மஞ்சளா, பச்சையா?

வீட்டுச் சுவருக்கு வர்ணம் தீட்டுவது செல்வர்க்கே உரிய அலங்காரம் என்று நம்மில் பலர் கருதுகிறோம். ஆயினும், போகிப் பண்டிகை நெருங்கும்போது ஏழை எளியவரும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தவறுவதில்லை. சுண்ணாம்பைக் கரைக்கும் அன்று வீட்டில் ஒரு கேள்வி எழும்: இந்த ஆண்டு கூடத்திற்கு மஞ்சளா, பச்சையா? கோலார் தங்கவயலின் வீடுகளை மனத்தில் வைத்து இக்கேள்வியை ஆராய்வோம்.

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880-ஆம் ஆண்டில் அங்கே சுரங்கப் பணியை ஏற்றது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர். மூங்கில் தட்டிக் குடிசைகளில் தொடங்கிய அவர்களுடைய வாழ்க்கை, பின்னர் வரிசை வரிசையாக எழுந்த லைன் வீடுகளுக்கு மாறியது. ஓர் அறை, அதன் முன்னே ஒரு சிறு தாழ்வாரம். பெரும்பாலான வீடுகளின் அளவு அவ்வளவே. சமைப்பதும், உண்பதும், பிள்ளைகள் படிப்பதும், விருந்தினரை உபசரிப்பதும் அந்த ஓர் அறையில்தான். கூடம் என்று தனியே ஒன்று இல்லை. இருக்கும் அறையே கூடம். அத்தகைய அறையின் சுவருக்கு எந்த நிறம் பூசுவது என்பது, குடும்பம் முழுவதும் எத்தகைய வெளிச்சத்தில் வாழ்வது என்பதை முடிவு செய்வதாகும்.

தங்கவயலில் வெளிச்சத்தின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. பகலெல்லாம் அத்தகைய பாதாளத்தில் விளக்கொளியில் உழைத்தவர், மேலே வந்து வீட்டில் அமரும்போது வேண்டியது கண்ணுக்கு இதம். சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே தங்கவயலை அடைந்தது. எனினும் அது முதன்மையாகச் சுரங்க இயந்திரங்களை இயக்கவே கொண்டுவரப்பட்டது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அதன் பின்னர், பொழுது விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புவோர் பலராயினர். அன்றும் சரி, இன்றும் சரி, குடும்பத்தார் ஒன்றாகக் கூடியமரும் நேரம் விளக்கு வைத்த நேரமே.

ஆகவே, நிறத்தின் அழகைக் காட்டிலும் அது திருப்பித் தரும் ஒளியே முதலில் கவனிக்கத் தக்கது. நல்ல வெள்ளைச் சுவர், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ எண்பது பங்கை அறைக்கே திருப்பித் தருகிறது. இளமஞ்சள் எழுபது பங்கு வரை தரும். நடுத்தரப் பச்சை தருவது முப்பது முதல் ஐம்பது பங்கு. கரும்பச்சையோ இருபதுக்கும் கீழ். ஒரே விளக்கு எரியும் அறையில் இவ்வேறுபாடு பெரிது. மஞ்சள் பூசிய அறையில் மூலையில் அமர்ந்த பிள்ளையும் பாடம் படிக்கலாம். கரும்பச்சை அறையில் விளக்கின் அடியில் வந்து அமர்ந்தால்தான் எழுத்துத் தெரியும்.

இதனால் பச்சையை ஒதுக்கிவிட வேண்டும் என்பது பொருளன்று. மாலை வெயில் நேரே விழுந்து கண்ணைக் கூசச் செய்யும் சுவருக்கும், தாழ்வாரத்திற்கும் இளம்பச்சை மிகப் பொருந்தும். ஜன்னல் உள்ள சுவரை மட்டும் மறவாமல் வெளிர் நிறமாக வைத்தல் நலம். அச்சுவரின்மேல்தான் பகல் ஒளி மிகக் குறைவாக விழுகிறது. அது கருத்திருந்தால் ஜன்னலின் பிரகாசம் கண்ணை உறுத்தும். கூரைக்கு வெள்ளையும், சுவர்களுக்கு இளமஞ்சளும், வெயில் படும் ஒரு பக்கத்திற்கு இளம்பச்சையும் அமைந்தால் சிறிய அறையும் விசாலமாகத் தோன்றும்.

இனி, பூசும் முறை. மஞ்சள் நிறம் வேண்டுமென்று சமையல் மஞ்சளைச் சுண்ணாம்பில் கலந்தால் என்ன ஆகும்? ஆரத்தி கரைக்கும் எந்தப் பெண்மணியும் உடனே விடை கூறுவார்: அது சிவந்துவிடும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கி நிற்பது மண்ணில் கிடைக்கும் மஞ்சள் காவி. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு தூள் ஏற்றது. சுட்ட சுண்ணாம்பை நீற்றிச் சில நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டிய பின்னரே நிறத்தைச் சேர்க்க வேண்டும். சுவரை நனைத்துக்கொண்டு மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுவது, ஒரே முறை தடிப்பாகப் பூசுவதினும் நிலைத்து நிற்கும். ஈரத்தில் நிறம் அழுத்தமாகத் தோன்றும், உலர்ந்தபின் வெளுத்துவிடும். எனவே முதலில் ஒரு முழ அளவு பூசி உலரவிட்டு, பகலில் ஒரு முறையும் இரவு விளக்கில் ஒரு முறையும் பார்த்த பிறகு முடிவு செய்வது உத்தமம். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

இவ்விரு நிறங்களுக்கும் ஒரு தீய வரலாறும் உண்டு. ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே 1775-இல் உண்டாக்கிய பச்சையில் பாஷாணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்க் காகிதங்களில் பாஷாணம் கலந்த பச்சைகள் ஏறி மக்களுக்குத் தீங்கு விளைத்தன. பின்னர் வந்த பளபளப்பான மஞ்சள், பச்சை எண்ணெய் வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வீட்டு வர்ணங்களில் பத்து லட்சம் பங்கிற்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. புது வர்ணம் வாங்குவோர் டப்பாவின் மேலுள்ள குறிப்பைப் படித்து வாங்குக. பழைய கதவிலும் சுவரிலும் உள்ள எண்ணெய் வர்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டுதல் கூடாது. நீர் தெளித்துச் சுரண்டி, விழுந்ததை ஈரத் துணியால் துடைத்து அள்ள வேண்டும். கல் தூசியால் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் பட்ட பாட்டையும், காற்றடிக்கும் காலத்தில் சயனைடு மேடுகளிலிருந்து எழும் புழுதியையும் அறிந்த ஊருக்கு, தூசியைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை.

சுரங்கம் மூடிய பின், தாம் குடியிருக்கும் வீடு தமக்கு உரிமையாகுமா என்ற கவலை தங்கவயல் குடும்பங்களை நெடுங்காலம் வருத்தியது. உரிமை உறுதியாகாத வீட்டிற்குப் பணம் செலவிடுவானேன் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், பட்டா வரும் வரையில் பிள்ளைகளின் படிப்பு காத்திராது; முதியோரின் கண்ணும் காத்திராது. சிறிது சுண்ணாம்பும், ஒரு பொட்டலம் மஞ்சள் காவியும், வீட்டார் அனைவரும் கைகொடுக்கும் ஒரு விடுமுறை நாளும் இருந்தால் போதும். வருகிற போகிக்கு அந்த ஒரு நாளை ஒதுக்குவோமாக.