இருதயத் துடிப்பும் எண்ணிப் பார்த்தலும்



இருதயம் தாளந் தவறித் துடிக்கும் வியாதியைப் பற்றி இன்று நாம் பேச வந்தது உங்களுக்கு வைத்தியம் கற்பிப்பதற்காக அல்ல. எவ்வளவு படித்தவர்களுடைய அபிப்பிராயமானாலும், அதைச் சோதித்துப் பாராவிட்டால் என்ன கேடு விளையும் என்பதைக் காட்டுவதற்கேயாகும்.

மாரடைப்புக்குத் தப்பியவர்களில் சிலருக்கு இடையிடையே முறைதவறிய துடிப்புகள் உண்டாகும். அப்படிப்பட்டவர்களே திடீரென்று அதிகமாய்ச் சாகிறார்கள் என்று வைத்தியர்கள் கண்டார்கள். ஆகவே, துடிப்பை அடக்கினால் சாவும் குறையும் என்று முடிவு கட்டினார்கள். என்கெய்னைடு, பிளெகெய்னைடு என்னும் மருந்துகள் துடிப்பை அடக்கவும் செய்தன. இனி ஆக்ஷேபணைக்கு இடமேது என்று கேட்கலாம்.

இடமிருந்தது. துடிப்பு அடங்கியதா என்று பார்த்தார்களேயொழிய, ஆள் பிழைத்தானா என்று சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்று அதைச் செய்தது. மருந்தால் துடிப்பு அடங்கியவர்களையே பொறுக்கி, 755 பேருக்கு மருந்தும், 743 பேருக்கு அதைப்போன்ற வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. சராசரி பத்து மாதத்தில் வெறும் மாத்திரை தின்றவர்களில் 26 பேர் செத்தார்கள். மருந்து தின்றவர்களிலோ 63 பேர்! 1989-ல் அம்மருந்துகளை நிறுத்தினார்கள். 1991-ல் கணக்கை ஒளிக்காமல் அச்சிட்டார்கள்.

இதனால் மருந்தெல்லாம் மோசமென்று சொல்ல வரவில்லை. பிளெகெய்னைடு, வேறு கோளாறில்லாத இருதயத்துக்கு இன்றும் பயன்படுகிறது. தழும்பேறிய இருதயத்துக்குத்தான் அது ஆபத்து.

நிற்க, மேலறை படபடத்து நடுங்கும் வியாதிக்குக் காரணம் அவ்வறை முழுவதும் பரவித் திரியும் அலைகளே என்று வெகுகாலம் நம்பினார்கள். 1998-ல் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் ஐசகேர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 45 நோயாளிகளிடம் துடிப்பு கிளம்பும் இடங்கள் 69-ஐக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் 65, நுரையீரலிலிருந்து வரும் இரத்தக் குழாய்களுக்குள் இருந்தன! அதிலிருந்து, கால் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, அவ்விடத்தைச் சுட்டுத் துண்டிக்கும் சிகிச்சை பரவிற்று.

அதையும் சும்மா விடவில்லை. 2,204 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. நடுக்கம் மறுபடி வருவது குறைந்தது, சௌக்கியமும் கூடிற்று. ஆனால் மருந்தைவிடச் சாவைக் குறைத்ததாக நிச்சயிக்க முடியவில்லை என்று உள்ளபடியே எழுதினார்கள்.

ஆகவே தோழர்களே, இதைக் கேட்டுவிட்டு உங்கள் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடம் சென்று, "இது துடிப்பைத்தான் அடக்குமா, ஆயுளையும் காக்குமா? எண்ணிப் பார்த்தார்களா?" என்று தைரியமாய்க் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளாததால்தான் உயிர்கள் போயின.