சிரிக்க வைக்கிறதும் ஒரு வேலைதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், "சாதித்த பெண்கள்" என்ற தலைப்பில் ராஜகீழ்ப்பாக்கம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசின அக்கா டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசினாங்க. இன்னொரு தங்கச்சி கல்பனா சாவ்லாவைப் பற்றிப் பேசினாங்க. நான் பேசப்போறது மனோரமா ஆச்சியைப் பற்றி. பேரைக் கொடுத்தப்பவே எங்க குழுவுல ரெண்டு பேர், "சாதித்த பெண்கள்னு தலைப்பு கொடுத்தா நீ காமெடி நடிகையைப் பத்திப் பேசுறியே"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பேச்சு.

ஆச்சியோட சொந்தப் பேர் கோபிசாந்தா. 1937 மே 26-ல் மன்னார்குடியில பிறந்தாங்க. அப்பா, அம்மாவை விட்டுட்டு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் பிழைப்புத் தேடி காரைக்குடி பக்கத்துல இருக்கிற பள்ளத்தூருக்கு வந்தாங்க. அங்க வீட்டு வேலை செஞ்சுதான் பிள்ளையை வளர்த்தாங்க. அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போனதும் பொண்ணோட படிப்பு பாதியில நின்னுது. இந்த வரைக்கும் கேட்டா இது ஆச்சி கதை மாதிரியா இருக்கு? நம்ம குழுவுல பாதிப் பேரோட கதை மாதிரிதானே இருக்கு!

அந்தப் பொண்ணுகிட்ட இருந்த ஒரே சொத்து குரல். நல்லா பாடுவாங்க. ஊருக்கு நாடகம் போட வந்தவங்களுக்குப் பாடத் தெரிஞ்ச ஆள் தேவைப்பட்டப்போ இவங்களைக் கூப்பிட்டாங்க. மேடை ஏறினப்போ வயசு பன்னிரண்டு. நாடகக் குழுவில இருந்த இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் சேர்ந்து வச்ச பேருதான் மனோரமா. செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்ததால பிற்காலத்துல ஆச்சின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, அதுவே நிலைச்சுப் போச்சு.

அப்புறம் வைரம் நாடக சபா, எஸ்.எஸ். ராஜேந்திரனோட நாடக மன்றம்னு போனாங்க. கலைஞர் எழுதின "மணிமகுடம்" நாடகத்துல நடிச்சாங்க. அந்தக் காலத்து நாடகம்னா எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பூரா நாடகம், விடிஞ்சா வண்டி ஏறி அடுத்த ஊர். வசனம் மறந்தா திருப்பி எடுக்க வழியில்லை. கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவருக்கும் குரல் கேட்கணும். ஆச்சி பேசினா ஒரு எழுத்துகூட விழுங்க மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? அது மேடை கொடுத்த பாடம்.

1958-ல கவியரசு கண்ணதாசன் எடுத்த "மாலையிட்ட மங்கை"தான் சினிமாவுல முதல் படம். அப்போ ஆச்சிக்கு இருபத்தோரு வயசு. அந்த வயசுல எல்லாப் பொண்ணுக்கும் கதாநாயகி ஆகணும்னுதானே ஆசை இருக்கும்? கண்ணதாசன் நகைச்சுவை வேஷம் கொடுத்தார். கதாநாயகியா வந்தா நாலஞ்சு வருஷத்துல அனுப்பிடுவாங்க, நகைச்சுவையில நின்னா ரொம்ப காலம் நிக்கலாம்ங்கிற அர்த்தத்துல அவர் எடுத்துச் சொன்னதா ஆச்சியே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. 1963-ல "கொஞ்சும் குமரி"யில கதாநாயகியாவும் நடிச்சுப் பார்த்தாங்க. ஆனா அவங்க வாழ்க்கை ஓடினது மற்ற பாதையிலதான்.

சகோதரிகளே, இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். ரெண்டாவது இடம்னு மத்தவங்க சொன்ன இடத்துல ஆச்சி அம்பது வருஷத்துக்கு மேல நின்னாங்க. அவங்களோட நடிச்ச கதாநாயகிகள் எத்தனை பேர் வந்தாங்க, கல்யாணம் ஆகிப் போனாங்க, மார்க்கெட் போச்சுன்னு ஒதுங்கினாங்க. 1958-ல ஆரம்பிச்சவங்க 2010-ல வந்த "சிங்கம்" படத்துல பாட்டியா நிக்கிறாங்க.

அவங்களுக்கு முன்னாடி நகைச்சுவை நடிகைகள் இல்லாம இல்லை. டி.ஏ. மதுரம் அம்மா இருந்தாங்க, சி.டி. ராஜகாந்தம் இருந்தாங்க, அங்கமுத்து இருந்தாங்க. மதுரம்னா கூடவே கலைவாணர்னு சொல்ற மாதிரி ஜோடியாத்தான் பேர் வரும். ஆச்சிக்கு ஜோடி மாறிக்கிட்டே இருந்துச்சு. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன்னு வரிசையா வந்தாங்க. ஆள் மாறினாலும் ஆச்சி மாறலை. யாரோ ஒருத்தரோட நிழல்ல இல்லாம சொந்தக் கால்ல நின்ன நகைச்சுவை நடிகை அவங்க.

"தில்லானா மோகனாம்பாள்" 1968-ல வந்துச்சு. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ்னு பெரிய பெரிய ஆளுங்க நடிச்ச படம். அதுக்குள்ள நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியா ஆச்சி வர்ற நேரம் கொஞ்சம்தான். ஆனா இன்னிக்கும் அந்தப் படம்னா நாதஸ்வரம், பரதநாட்டியத்தோட ரமாமணியும் ஞாபகத்துக்கு வர்றாங்க. அந்த இழுத்து இழுத்துப் பேசுற பேச்சுக்கு நாம சிரிக்கிறோம். ஆனா ஊர் ஊராப் போய் நாடகம் போடுற ஒரு பொம்பளையோட மனசும் அதுல தெரியும். அது ஆச்சி வாழ்ந்த வாழ்க்கைதானே.

அதே வருஷம் "பொம்மலாட்டம்" படத்துல சென்னைத் தமிழ்ல ஒரு பாட்டை அவங்களே சொந்தக் குரல்ல பாடினாங்க. மன்னார்குடியில பிறந்து பள்ளத்தூர்ல வளர்ந்தவங்க பேசின அந்த மெட்ராஸ் பாஷையை நம்ம தாம்பரம், பல்லாவரம் ஜனங்களே நம்ம ஊர்ப் பொண்ணுன்னு நினைச்சாங்க. கொங்குத் தமிழா, அய்யர் வீட்டுத் தமிழா, செட்டிநாட்டுத் தமிழா, எது கேட்டாலும் அவங்க வாயில இருந்துச்சு. பள்ளிக்கூடம் முழுசாப் போகாதவங்க காதாலயே படிச்ச படிப்பு இது.

எங்க மாமியார் அதிகம் பேசாதவங்க. சிரிச்சும் அதிகம் பார்த்ததில்லை. "சம்சாரம் அது மின்சாரம்" டிவியில ஓடினா மட்டும் அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்காருவாங்க. 1986-ல வந்த விசு படம். அதுல ஆச்சி வேலைக்காரி கண்ணம்மா. படிச்சவங்க, சம்பாதிக்கிறவங்க எல்லாரும் வாயடைச்சு நிக்கிற பிரச்சனையில கண்ணம்மா போய் ஒரு சத்தம் போடுவாங்க பாருங்க, எங்க மாமியார் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பாங்க. ஒருநாள் கேட்டேன், ஏன் அத்தை இதுக்கு மட்டும் இப்படிச் சிரிக்கிறீங்கன்னு. "நான் நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சவ. அங்க நான் பேச நினைச்சதை எல்லாம் அவ பேசுறாடி"ன்னாங்க. இதைவிடப் பெரிய விருது ஒரு நடிகைக்கு வேணுமா?

நிஜ விருதுகளும் நிறைய வந்துச்சு. ஆயிரம் படத்துக்கு மேல நடிச்சவங்கன்னு 1985-ல கின்னஸ் புத்தகத்துல பேர் வந்துச்சு. 1989-ல வந்த "புதிய பாதை" படத்துக்காகச் சிறந்த துணை நடிகைன்னு தேசிய விருது. 2002-ல பத்மஸ்ரீ. அண்ணாவோடயும் கலைஞரோடயும் மேடையில, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் கூட சினிமாவில, ஆக அஞ்சு முதலமைச்சர்களோட நடிச்சவங்க அவங்க.

சிரிக்க வைக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அழ வைக்கவும் தெரியும். "சின்னத்தம்பி"யில விதவைத் தாயை அவமானப்படுத்துற காட்சியில தியேட்டர்ல அழாதவங்க இல்லைன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. "அபூர்வ சகோதரர்கள்"ல கமலை எடுத்து வளர்க்கிற அம்மா. "சின்னக் கவுண்டர்"ல பல்லு நீட்டிக்கிட்டு இருக்கிற தாய்க்கிழவி. தான் அழகாத் தெரியணும்னு நினைக்கிற ஒருத்தங்க அந்தப் பல்லை மாட்டிக்க ஒத்துக்குவாங்களா? வேஷம் சரியா வந்தாப் போதும்னு நினைச்சவங்க அவங்க.

சொந்த வாழ்க்கை அவ்வளவு சிரிப்பா இல்லை. 1964-ல நாடகத்துல கூட நடிச்சவரைக் காதலிச்சுக் கல்யாணம் பண்ணாங்க. மகன் பிறந்தான். கொஞ்ச காலத்துலயே பிரிவு வந்துச்சு. அம்மாவுக்கு நடந்த மாதிரியே பொண்ணுக்கும் கைக்குழந்தையோட தனியா நிக்கிற நிலைமை. ஆனா ஒரு வித்தியாசம், பொண்ணு கையில தொழில் இருந்துச்சு. அம்மாவையும் மகனையும் தன் சம்பாத்தியத்துல காப்பாத்தினாங்க. தான் நடிச்ச அம்மா வேஷங்கள்ல தன் சொந்த அம்மா இருக்காங்கன்னும் சொல்லியிருக்காங்க. நாம குழுவுல எதுக்கு மாசா மாசம் சேமிக்கிறோம், எதுக்குத் தையல், மசாலாப் பொடி, ஆவின் பூத்னு அலையிறோம்? நாளைக்கு என்ன வந்தாலும் கையில ஒரு தொழில் இருக்கணும்னுதானே?

ஒண்ணை மறைக்காம சொல்லணும். பழைய காமெடி எல்லாத்தையும் இன்னிக்குப் பார்த்தா சிரிப்பு வராது. கறுப்பா இருக்கா, குண்டா இருக்கா, கல்யாணம் ஆகாத கிழவின்னு பொம்பளைங்களை மட்டம் தட்டுற வசனம் நிறைய இருக்கு. அதை எழுதினவங்க ஆம்பளைங்க. ஆச்சி அந்த வேஷத்தை வாங்கி, அதுக்குள்ள ஒரு மனுஷியை வச்சாங்க. "நடிகன்" படத்துல பேபியம்மாவைப் பாருங்க. வயசான காலத்துல ஆசைப்படுறதைக் கேலியாத்தான் எழுதியிருக்கு. ஆனா பார்க்கிறப்போ நமக்கு அந்தம்மா மேல பாவமும் பிரியமும் சேர்ந்து வருது. அவங்களுக்கு அப்புறம் கோவை சரளா வந்தாங்க, ஒரு சிலர் வந்தாங்க. ஆம்பளை காமெடியன்கள் எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க, பொம்பளைங்க எத்தனை பேர்னும் எண்ணிப் பாருங்க. ஒரு கை விரல் போதும்.

ஏன் குறைவுன்னா, "பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு"ன்னு பழமொழி வச்சிருக்கிற ஊரு நம்ம ஊரு. சிரிச்சாலே போச்சுன்னா, சிரிக்க வச்சா என்ன சொல்லுவாங்க?

இதை நான் சும்மா சொல்லலை. போன வருஷம் நம்ம கூட்டமைப்புல தினவட்டிக் கடனைப் பற்றி ஒரு நாடகம் போட்டோம். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வட்டிக்காரரா வேட்டி கட்டி, மீசை ஒட்டிக்கிட்டு வந்தாங்களே எங்க குழு அக்கா, கூட்டம் பூரா விழுந்து விழுந்து சிரிச்சுதே! அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வங்கியில இருந்து வந்து வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்தாங்க. அப்போ யாரும் வாயைத் திறக்கலை. நாடகம் முடிஞ்சதும்தான் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து, "நான் வாங்கினதும் இப்படித்தான், நூத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு பாரு"ன்னு அட்டையை எடுத்து நீட்டினாங்க. அதுல மூணு பேர் குழுவுல உள்கடன் வாங்கி அந்தக் கடனை அடைச்சாங்க. தீர்மானப் புத்தகத்துல அது எழுதியிருக்கு.

அந்த அக்கா இந்த வருஷம் நாடகத்துல இல்லை. "நாலு பேர் சிரிக்கிற மாதிரி மீசை ஒட்டிக்கிட்டு ஆடினது போதும், குடும்ப மானம் என்ன ஆகுறது"ன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. அக்கா இப்போ இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரும் பின்வரிசையில நிக்கிறார். அண்ணா, உங்களை நான் குறை சொல்லலை. உங்களுக்கும் ஆச்சின்னா பிடிக்கும், எனக்குத் தெரியும். ஆச்சி 2015 அக்டோபர் 10-ல் இறந்தப்போ நம்ம தெருவுல டிவி முன்னாடி உட்கார்ந்து அழுதவங்கள்ல ஆம்பளைங்களும் இருந்தாங்க. ஆச்சியை நம்ம வீட்டு மனுஷியா நினைச்சு அழுத நாம, நம்ம வீட்டு மனுஷி அதே வேலையைச் செஞ்சா மட்டும் ஏன் மானம் போகுதுன்னு நினைக்கணும்?

தாம்பரம் பக்கம் இருக்கிற நம்ம குழுக்களுக்கு நான் வைக்கிற கோரிக்கை ஒண்ணுதான். அடுத்த நாடகம் குடிநீர் வரியோ, குழந்தைத் திருமணமோ, எதுவா இருந்தாலும் அந்த அக்காவுக்கு ஒரு வேஷம் எடுத்து வையுங்க. வீட்டுல போய்ப் பேச வேண்டியது நம்ம பொறுப்பு. நாலு பேரா சேர்ந்து போனாக் கேட்பாங்க. கடன் வசூலுக்கே நாலு பேரா போறோம், இதுக்குப் போகக் கூடாதா?