கடைசி மூன்று விநாடிகள்

(உரும்பிராயில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூடைப்பந்தாட்டத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தோடு முடிவு நெருங்கும்போது எல்லார் கண்களும் மத்தியஸ்தர் மீதே திரும்புகின்றன. அவ்வேளையில் அவர் செய்யவேண்டியது யாது?

1972ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று விநாடி எஞ்சியிருக்க, அமெரிக்கரான டக் கொலின்ஸ் தமக்குக் கிடைத்த இரண்டு தண்ட எறிகளையும் கூடையிற் சேர்த்தார். அமெரிக்கா 50, சோவியத் ஒன்றியம் 49. தாம் இடைநிறுத்தம் கேட்டிருந்ததாகச் சோவியத் பயிற்றுநர் முறையிட, ஒரு விநாடி இருக்கையில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. சர்வதேசச் சம்மேளனத்தின் செயலாளர் நாயகம் வில்லியம் ஜோன்ஸ் தலையிட்டு, மூன்று விநாடியையும் மீளக் கொடுக்கப் பணித்தார். கடிகாரம் சரிசெய்யப்படுமுன் ஆட்டம் தொடங்கியமையால், மூன்றாம் முறையும் ஆடவேண்டியதாயிற்று. எடெஷ்கோ மைதானத்தின் மறுமுனைக்கு எறிந்த பந்தைப் பெலோவ் பிடித்துக் கூடையில் இட்டார். சோவியத் 51–50 என வென்றது. மத்தியஸ்தர் றிகெத்தோ பதிவேட்டில் ஒப்பமிட மறுத்தார். மேன்முறையீட்டுக் குழு மூன்றுக்கு இரண்டு வாக்கால் முடிவை உறுதிசெய்தது. அமெரிக்கர் வெள்ளிப் பதக்கத்தை ஏற்கவேயில்லை.

அங்கே தவறியது மத்தியஸ்தரின் கண்ணன்று. அவருக்கும் நேரக்கணிப்பாளர் மேசைக்கும் இருக்கவேண்டிய தொடர்பே அறுந்தது; வெளியார் கட்டளை அவ்விடத்திற் புகுந்தது.

ஆகவே தேர்ந்த மத்தியஸ்தர்கள் கடைசி நிமிடத்தில் அவசரப்படுவதில்லை. மீண்டும் பந்தைக் கொடுக்குமுன் எஞ்சிய நேரம், தவறுகளின் எண்ணிக்கை, மிஞ்சிய இடைநிறுத்தங்கள் ஆகியவற்றை மேசையோடு ஒப்புநோக்குவர். எறிபவனை யார் பார்ப்பது, கடிகாரத்தை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வர். முடிவு ஒலிக்குமுன் பந்து கையைவிட்டு நீங்கினாற் புள்ளி உண்டு. பந்தைப் பிடித்து எறிய 0.3 விநாடியாவது வேண்டும் என்பது விதி.

“கடைசி நேரத்தில் ஊதாமல் விடுவதே நியாயம்” என்பர் சிலர். அது பொருந்தாது. முதல் நிமிடத்திற் குற்றமான அடி கடைசி நிமிடத்திலும் குற்றமே. ஊதாமையும் ஒரு தீர்ப்பே. அது அடித்தவனுக்குச் சாதகமான தீர்ப்பு.

படக்கருவி இல்லாத கிராமத்து மைதானத்திலே விசிலும் கடிகாரமும் ஊராரின் நம்பிக்கையுமே துணை. நாளை உங்களுள் ஒருவர் விசிலை ஏந்தலாம். ஆட்டம் தொடங்குமுன் நேரக்கணிப்பாளரோடு பேசிக்கொள்ளுங்கள். வென்றவன் எந்த மத்தியஸ்தரையும் புகழ்வான். தோற்றவனும், “தோற்றோம், அநீதி நடக்கவில்லை” என்று சொல்லி வீடு திரும்பவேண்டும். அதுவே மத்தியஸ்தருக்கு வெற்றி.