உள்ளேன் ஐயா



வகுப்பில் ஆசிரியர் பெயர் படிக்கும்பொழுது ‘உள்ளேன் ஐயா’ என்று நீங்கள் விடையிறுக்கிறீர்கள். அவ்விரு சொற்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் நாள்தோறும் கேட்டுவந்தவன் நான். கேட்டுக் கேட்டு என் செவிக்கு அவை பழகிப்போயின. அவற்றின் பொருள் என்ன என்பது, பள்ளியை விட்டு வெளியே வந்த பின்னர்தான், அதுவும் வெட்கத்தோடு, எனக்கு விளங்கியது. அந்தச் செய்தியைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

2017-ஆம் ஆண்டில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். இரண்டு ஆண்டுகள் தோட்டமும் பேரப் பிள்ளைகளுமாகக் கழிந்தன. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஊரார் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, “வாத்தியார் நின்றால் சண்டை சச்சரவு இராது” என்றனர். நின்றேன், வென்றேன். 2020 ஜனவரி 6-ஆம் நாள் ஊராட்சித் தலைவனாக உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். ஊரில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். வாக்குக் கேட்கச் சென்ற இடத்திலும் சிலர் எழுந்து கைகட்டி நின்றனர். அஃது எனக்கு மகிழ்ச்சியளித்தது என்பதை மறைப்பானேன்? அந்த மகிழ்ச்சியே பின்னர் என்னை இடறச் செய்தது.

ஊராட்சி என்றால் என்ன என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. பதினோராம் அட்டவணையில் 29 துறைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இவையெல்லாம் தேர்வுக்கு உதவும். ஆனால் தலைவனாக நாற்காலியில் அமர்ந்தவனுக்கு ஊராட்சி என்பது வேறு வகையாகத் தோன்றும். விடியற்காலை ஐந்து மணிக்கு, “தண்ணீர் வரவில்லை” என்று கதவைத் தட்டும் ஓசையே ஊராட்சி. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, சுடுகாட்டுப் பாதை, நாய்க்கடி, வீட்டு வரி என்று அது நாள் முழுவதும் பின்தொடரும். ஊராட்சியின் பணத்தைத் தலைவன் தனியே எடுத்துவிட முடியாது. காசோலையில் துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும். இவ்வேற்பாடு மிக நல்லது என்பது என் கருத்து. என்னைப் போன்ற பிடிவாதக்காரனுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஆயினும், தலைவனுக்கும் உறுப்பினர்களுக்கும் மேலான ஓர் அவை உண்டு. அதுதான் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சட்டமன்றத்துக்கு நாம் ஒருவரைத் தேர்ந்து அனுப்புகிறோம். கிராம சபைக்கு யாரையும் அனுப்ப வேண்டுவதில்லை, நாமே செல்கிறோம். ஆண்டுத் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை, இன்னார்க்கு வீடு, இன்ன தெருவுக்குக் குழாய் என்பவற்றை அந்த அவையின் முன் வைத்தாக வேண்டும். கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைந்தபட்ச வருகை உண்டு. மக்கள் தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்திருத்தல் வேண்டும். எங்கள் ஊர் அவ்வகையைச் சேர்ந்தது.

நான் பதவியேற்ற இருபதாம் நாள் குடியரசு நாள். முதல் கிராம சபை. பந்தல் போட்டு, நாற்காலிகள் வாடகைக்கு எடுத்து, ஒலிபெருக்கியும் வைத்தாயிற்று. காலை பதினொரு மணிக்கு வந்தவர்களை எண்ணினேன், நாற்பத்து மூவர். எண்ணுவது எனக்குத் தொழில் வழக்கம். விடுமுறை நாள்தானே, ஏன் வரவில்லை என்று வியந்தேன். நெல் முற்றி அறுவடை நடந்துகொண்டிருந்த காலம் அது. முற்றிய நெல்லுக்கு விடுமுறை ஏது?

கூட்டம் நடந்தது. தீர்மானங்கள் படிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று குடிநீர்க் குழாய் பற்றியது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து புதிய குழாய் போட ஒரு தெருவுக்கு மட்டுமே நிதி இருந்தது. மேலத்தெருவும் கேட்டது, கீழத்தெருவும் கேட்டது. கீழத்தெருவில் ஏறத்தாழ அறுபது வீடுகளுக்கு ஓர் அடிகுழாய். மேலத்தெரு தொட்டிக்கு அண்மையில் இருக்கிறது, செலவு குறையும், பணி விரைவில் முடியும் என்று காரணம் கூறி, மேலத்தெருவுக்கே முதலில் போடுவதெனத் தீர்மானித்தோம். காரணங்கள் பொய்யல்ல. ஆனால் என் வீடு மேலத்தெருவில் இருந்தது. என் மைத்துனர் வீடும் அங்கேதான். அந்த நாற்பத்து மூவரில் பெரும்பாலோரும் அத்தெருவினரே.

வருகை போதாதே என்று ஊராட்சிச் செயலாளரிடம் கேட்டேன். “புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் ஐயா, வழக்கமாகச் செய்வதுதான்” என்றார். அவரை நான் குறை கூறமாட்டேன். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையசைத்தவன் நான். மூன்று நாளில் நூற்றுப் பதினெட்டுப் பேர் ‘வந்திருந்தனர்’.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்பித்த பாடங்களுள் ஒன்று வருகைப் பதிவேடு பற்றியது. மையால் எழுத வேண்டும், அழித்தெழுதலாகாது, கண்ணால் கண்ட பின்னரே குறியிட வேண்டும். வராத நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் மாற்றிச் சொன்ன ஒரு பையனை நான் ஒரு பாடவேளை முழுவதும் வெளியே நிறுத்தியதுண்டு. அந்த நான்தான் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பினேன்.

பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. கிராம சபை நெடுநாள் கூடவில்லை. அதற்கிடையில் மேலத்தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. 2021 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளன்று, மீண்டும் கூடினோம். இம்முறை கீழத்தெருப் பெண்கள் திரளாக வந்திருந்தனர். எங்கள் தெருவுக்கு ஏன் குழாய் வரவில்லை என்பது அவர்கள் கேள்வி. நான் சற்றும் தயங்காமல், “சென்ற கூட்டத்தில் நீங்களே ஒப்புக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறீர்கள்” என்றேன். தீர்மானப் புத்தகத்தைத் தூக்கியும் காட்டினேன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்க் குடும்பத்தைக் காத்துவந்தவள். “அந்தப் புத்தகத்தை நான் பார்க்கலாமா ஐயா?” என்றாள். கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டித் தன் பெயரைக் கண்டுபிடித்து விரல் வைத்தாள்.

“இங்கே கைநாட்டு இருக்கிறது ஐயா. நான் கைநாட்டு வைக்கிறவளா? எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. அன்றைக்கு நான் அறுப்புக்குப் போயிருந்தேன். நான் இல்லாத இடத்தில் ‘உள்ளேன் ஐயா’ என்று யார் சொன்னது?”

புத்தகம் வீட்டுக்கு வந்தபொழுது அவளுடைய மாமியார் இருவருக்குமாகக் கைநாட்டு வைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது சினமே. “வாத்தியாரை எதிர்த்துப் பேசுவதா?” என்று பின்னாலிருந்து ஒரு குரலும் எழுந்தது. அந்தக் குரலைக் கேட்டபொழுதுதான் எனக்கு உறைத்தது. எனக்குச் சார்பாகப் பேசியது அந்தக் குரல். உண்மையைப் பேசியது அவள். எழுந்து நின்று, “தவறு என்னுடையது” என்றேன். அதற்குமேல் பேச நா எழவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வகுப்பில் பலமுறை கற்பித்த உத்தரமேரூர்க் கல்வெட்டை மீண்டும் எடுத்துப் படித்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை முறையை நீங்கள் அறிவீர்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. நாம் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறோம். எஞ்சிய செய்திகளோ அவ்வளவு நுட்பமானவை! சிறியோர் முதல் முதியோர் வரை நிறைந்த சபையிலேதான் குடம் வைக்கப்படும். குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையிலே வாங்க வேண்டும். விரல்களை மடக்கினால் வேறோர் ஓலையை ஒளித்துவைக்கலாம் அல்லவா? மனிதரின் கையை அவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

இன்னுமொரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலையில் இடம்பெற இயலாது. அவன் மட்டுமல்லன், அவனுடைய உறவினரும் இடம்பெற இயலாது. தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், தமக்கை தங்கை கணவர் என்று நீளும் அப்பட்டியலில் மனைவியின் உடன்பிறந்தானும் இருக்கிறான். மைத்துனர் வீட்டுக் குழாயை நினைத்துக்கொண்டு அந்த வரியை இருமுறை படித்தேன்.

உத்தரமேரூரைப் புகழ்ந்துவிட்டு மற்றதை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. அந்தச் சபை அந்தணர் ஊர் ஒன்றின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய, 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்ட ஆடவர்க்கே அங்கே இடம். நிலத்தில் உழுதவனுக்கு இல்லை, பெண்ணுக்கு இல்லை. என் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாளே, அவள் அந்தச் சபையில் வாய் திறந்திருக்க முடியாது. 21 வயது நிரம்பிய வாக்காளர் எவரும் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்பதும், ஊரக உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என 2016-இல் தமிழ்நாட்டில் சட்டமாக்கப்பட்டதும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த மாறுதல்கள்.

அவை எளிதில் வந்தவையும் அல்ல. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996-இல் பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் சென்றோர் சிலரும் 1997 ஜூன் 30-ஆம் நாள் பேருந்தில் செல்லும்பொழுது வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களிலும் தலைவர் பதவி அவ்வாறே ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே பத்து ஆண்டுகள் தேர்தல் முறையாக நடைபெறவில்லை. வென்றவரும் உடனே பதவி விலக நேர்ந்தது. 2006-இல்தான் அந்நிலை மாறியது. ‘உள்ளேன்’ என்று சொன்னதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கும் நாட்டில், வராதவரை வந்ததாக எழுதினேன் நான்.

அதன்பின் செய்தவற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். போட்ட குழாயைத் தோண்டி எடுக்க முடியாது. ஆகவே நடந்த தவறு இன்னதென்று அடுத்த கூட்டத்தில் எழுதிவைத்தோம். அடுத்து வரும் நிதி கீழத்தெருவுக்கே என்று தீர்மானித்தோம். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று இழுத்து, 2023 ஆடி மாதத்தில்தான் அங்கே குழாயில் நீர் வந்தது. அதுவரை அந்த அடிகுழாய்தான். அந்தக் காலத்தாழ்வுக்கு ஈடு செய்ய எனக்கு வழி தெரியவில்லை.

கூட்டத்தை எப்பொழுதும் மேலத்தெருப் பந்தலிலே நடத்துவதை விட்டு, கீழத்தெரு ஆலமரத்தடியிலும் நடத்தினோம். கணக்கை எல்லோர்க்கும் விளங்கும்படி படித்தோம். ‘பொது நிதி பற்று’ என்று படித்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ‘இன்ன தெருவில் இத்தனை விளக்கு, விலை இவ்வளவு’ என்று படித்தால் உடனே ஒரு பாட்டி, “அதில் இரண்டு எரியவில்லையே” என்பார். ஒருமுறை எழுபத்தோரு பேரே வந்தனர். புத்தகத்தை மூடிக் கூட்டத்தை ஒத்திவைத்தோம். மேற்பார்வைக்கு வந்திருந்த அலுவலருக்கு அது பிடிக்கவில்லை. ஊரிலும் சிலர், “வாத்தியாருக்கு இன்னும் பள்ளிக்கூட நினைப்பு” என்று நகைத்தனர். நகைக்கட்டும் என்று இருந்தேன். மறு கூட்டத்தில் நூறு நிரம்பியது.

2024 அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில், கையெழுத்திட்டவர்களின் பெயர்களை நான் உரக்கப் படித்தேன். இது சட்டத்தில் இல்லை, என் பழக்கம். அந்தப் பெண்ணின் பெயர் வந்தபொழுது, “உள்ளேன் ஐயா” என்று மெல்லிய குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள். தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சென்றிருந்தாள். அதற்குள் ஓடிவந்த தாய், மகளின் தலையில் ஒரு குட்டு வைத்து, “நான் வந்துதான் சொல்ல வேண்டும், நீ சொல்லக் கூடாது” என்றாள். எப்பொழுது நான் சொல்லலாம் என்று அச்சிறுமி என்னைக் கேட்டாள். பதினெட்டு வயதில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்த பிறகு என்றேன். விரல் விட்டு எண்ணி, “இன்னும் ஐந்து வருடம்” என்றாள். அதுவரை கூட்டத்துக்கு வந்து கேட்டுக்கொண்டிருக்கத் தடையில்லை என்று கூறி, தாயைக் கையொப்பமிடச் சொன்னேன். தன் பெயரை முழுமையாக, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினாள்.