கண்டவர்க்கே பெயரிடும் உரிமை

பனவடலிசத்திரத்துத் தமிழ்ப் பெருமக்களே!

வடலி என்பது இளம்பனை. கண்ட பொருளால் ஊருக்குப் பெயரிடுதல் தமிழர் வழக்கு. விண்ணிலும் அதுவே முறை: சிறுகோளைக் கண்டறிந்தவரே அதற்குப் பெயர் முன்மொழிவார்.

1861 ஏப்பிரல் 17ஆம் நாள், சென்னை வானாய்வுக் கூடத்தில் ஆங்கிலேயர் போக்சன், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள் ஒன்றைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அது. 'ஆசியா' என்றே பெயரிட்டார். கண்ட இடம் தமிழ்மண்; பெயரோ கிரேக்கம்! அவரைக் குறைகூறல் தகாது. விழித்திருந்து கண்டவர் அவரே.

1988 பிப்பிரவரி 17 அன்று, சவ்வாது மலைக் காவலூரில் இராசமோகன் 4130ஆம் சிறுகோளைக் கண்டார். ஈரோட்டிற் பிறந்த கணக்கறிஞர் இராமானுசன் பெயரை அது தாங்கிற்று.

தூயதமிழ்ப் பெயர்கள் விண்ணேற வேண்டுமெனில், முழக்கம் போதாது. நம் பிள்ளைகள் இரவில் விழித்து வானை நோக்குக!

வாழ்க தமிழ்!