குளிசையும் ஒரு விரதமே



செங்கமாரியை அறியாதவர் நம்மிடையே இல்லை. கண் மஞ்சளிக்கும், பத்தியம் காப்போம், பெரும்பாலும் தேறிவிடுவோம். ஆனால் அந்நோயைத் தரும் கிருமிகளுள் ஒன்று, கண் மஞ்சளிக்காமலே ஆண்டுக்கணக்கில் ஈரலிற் குடியிருக்கும். அதுவே ஈரல் அழற்சி 'பி'. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோரிடம் அது நீடித்திருக்கிறது.

இதற்கான குளிசை கிருமியைப் பெருகவிடாமல் அடக்குமேயன்றி, அடியோடு அழிப்பதில்லை. கிருமியின் வித்து ஈரற் கலங்களுக்குள் ஒளிந்திருக்கும். "சுகமாய்த்தானே இருக்கிறேன்" என்று வைத்தியரைக் கேளாமல் நிறுத்தினால், அது மீண்டெழும். சிலருக்கு உயிராபத்தும் நேரும்.

ஒருநாள் எடுத்து ஒருநாள் விடுவதும் தீது. வயலில் பூச்சிநாசினியை அரைகுறையாக அடித்தால், தப்பிய பூச்சிகளே பெருகி, பின்னர் அந்த நாசினிக்கு அடங்கா. கிருமியும் பெருகும்போது உருமாறுகிறது. மருந்துக்கு அடங்காதது பிழைத்துக்கொள்கிறது. 1998இல் வந்த லமிவுடின், ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு எழுபது பேரளவில் இவ்வாறு பலனிழந்தது. 2005இல் வந்த என்டகாவிர், புதிதாகத் தொடங்குவோரில் ஐந்தாண்டில் நூற்றுக்கு ஒருவரளவிலேயே பலனிழக்கிறது. ஆனால் லமிவுடினுக்கு அடங்காத கிருமியுள்ளவரிடத்தில் அது ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தோற்றுப்போகிறது. அத்தகையோருக்கு, 2008 முதல் இந்நோய்க்கு வழங்கும் தெனோபோவிர் உண்டு. ஆகவே பழைய கிளினிக் கொப்பியை எறியாதீர்கள். முன்பு எடுத்த மருந்தை மறையாமற் சொல்லுங்கள்.

கீழ்க்காய்நெல்லி போதாதா என்பர் பெரியோர். நியாயமான கேள்வி. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன், இக்கிருமியைக் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற புளூம்பேர்க் முதலியோருடன் அதனை ஆராய்ந்து, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தினின்று மறைந்ததென எழுதினார். பின்னர் பிறநாடுகளிற் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. எனவே மூலிகையை நம்பிக் குளிசையைக் கைவிடலாகாது.

கந்தசஷ்டி நோற்பவரும், கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடப்பவரும் நம்மில் பலர். யாத்திரை மூட்டையில் திருநீற்றுப் பையோடு குளிசையும் இருக்கட்டும். என்டகாவிர் வெறுவயிற்றில் எடுப்பதே முறை. ஒரு மிடறு நீரால் நோன்பு கெடாது.

இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஈரல் சுருங்கியோர் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் செய்வது, புற்றுநோயை முளையிலேயே காண உதவும். கள்ளும் சாராயமும் கசிப்பும் வேண்டாம்.

இளைஞர்களே, இந்நோய் ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதால் தொற்றாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். நோயாளியைத் தள்ளிவைத்தால் அவர் குளிசையை ஒளிப்பார், ஒளித்தால் தவறவிடுவார். நம் நாட்டில் 2003 முதலே குழந்தைகளுக்குத் தடுப்பூசி வழக்கமாயிற்று. அதற்கு முன் பிறந்தோர், வீட்டில் நோயாளி இருப்பின், பரிசோதித்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

விரதத்தில் ஒருநாளும் தவறாதவர்கள் நாம். அந்த ஒழுங்கைக் குளிசையிலும் காட்டுவோமாக.